படிக்க முடியாத பக்கம்

சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுக்களை விசாரிக்கும் அமர்வுக்கு வெளியே காத்திருப்பவர்களில் தாய்மாரையும் மனைவியரையும் அதிகம் பார்க்கலாம். பலர் மடியில் ஒரு தடித்த தாள்கட்டு இருக்கும். வக்கீல்கள் அதை ‘புக்லெட்’ என்பார்கள். ஒருவரைக் குண்டர் சட்டத்தில் அடைக்கும்போது, எதற்காக அடைக்கிறோம் என்று அரசு அவர் கையில் கொடுத்தாக வேண்டிய தாள்களின் தொகுப்பு அது. முதல் தகவல் அறிக்கை, சாட்சிகளின் வாக்குமூலம், ரிமாண்ட் உத்தரவு, பழைய வழக்குகளின் ஆவணங்கள், தடுப்புக்காவல் ஆணை, அந்த ஆணைக்கான காரணங்கள். நகலை மீண்டும் நகலெடுத்துக் கொடுத்ததில் சில பக்கங்கள் கறுத்துப்போயிருக்கும், எழுத்தே தெரியாது. கறுத்துப்போன அந்தப் பக்கம் ஒரு மனிதனைச் சிறையிலிருந்து வெளியே கொண்டுவந்துவிடுவது உண்டு.

நாளிதழில் இப்படிப்பட்ட செய்தியைப் படிக்கிறவர்களுக்கு எரிச்சல் வருவது இயல்புதான். கத்தியைக் காட்டி வழிப்பறி செய்ததாகச் சொல்லப்படுகிற ஆளை, ஜெராக்ஸ் சரியில்லை என்பதற்காக விடுவிப்பதா? நானும் ஒரு காலத்தில் அப்படிக் கேட்டவன்தான். இந்தியாவில் தடுப்புக்காவல் சட்டம் வளர்ந்த கதையைத் தேடிப் படித்தபின் அந்தக் கேள்வி எனக்கு வேறுவிதமாகத் தெரிய ஆரம்பித்தது. ஜெராக்ஸில் போய் நீதிமன்றம் ஏன் நிற்கிறது? மற்ற இடங்களில் நிற்பதற்குச் சட்டம் அதற்கு மண் விட்டுவைக்கவில்லை என்பதால்.

தடுப்புக்காவல் என்பது தண்டனை அல்ல என்று சட்டம் சொல்கிறது. செய்த குற்றத்துக்காக ஒருவரை அடைப்பதில்லை. இனிச் செய்துவிடுவார் என்ற ஊகத்துக்காக அடைக்கிறார்கள். ஊகத்தை நிரூபிக்க முடியாது. ஆகவே சாட்சி இல்லை, குறுக்கு விசாரணை இல்லை, தீர்ப்பும் இல்லை. மாவட்ட ஆட்சியரோ காவல் ஆணையரோ ஆவணங்களைப் பார்த்து, ‘எனக்கு மனநிறைவு ஏற்பட்டது’ என்று கையெழுத்திட்டால் ஓராண்டு உள்ளே. அந்த மனநிறைவு சரியா தவறா என்று நீதிமன்றம் எடைபோடாது. எந்த ஆவணங்களின் பேரில் அது ஏற்பட்டது, அந்த ஆவணங்கள் கைதானவருக்குக் கிடைத்தனவா, அவர் அனுப்பிய முறையீட்டை அரசு காலத்தோடு பரிசீலித்ததா என்று மட்டும்தான் பார்க்கும்.

அரசு காரணம் சொல்ல வேண்டும் என்ற இந்த ஒரு கடமையும் சும்மா கிடைத்துவிடவில்லை.

வெள்ளைக்காரன் காலத்தில் 1818-இல் வங்காளத்துக்கு ஓர் ஒழுங்குமுறைச் சட்டம், அடுத்த ஆண்டே சென்னை மாகாணத்துக்கு ஒன்று. இரண்டும் விசாரணையே இல்லாமல் ஒருவரை ‘அரசுக் கைதி’யாக வைத்திருக்க அனுமதித்தன. உலகப் போர்களின்போது இந்தியப் பாதுகாப்பு விதிகள் வந்தன. 1942-க்குப் பின் காமராஜர் அமராவதிச் சிறையில் கிடந்தது விசாரணை இல்லாத காவலில்தான். அதே காமராஜர் சில ஆண்டுகள் கழித்து அரசமைப்பு நிர்ணய சபையில் உறுப்பினராக உட்கார்ந்திருந்தார். அந்தச் சபையில் இருந்தவர்களில் பலர் அப்படிச் சிறை கண்டவர்கள். அப்படியிருந்தும், தடுப்புக்காவலை அரசமைப்புச் சட்டத்துக்குள், அதுவும் அடிப்படை உரிமைகள் பற்றிய பகுதிக்குள்ளேயே வைத்தவர்களும் அவர்கள்தாம்.

அது நடந்த விதம் கவனிக்கத் தக்கது. உயிரையும் தனிமனித சுதந்திரத்தையும் பறிப்பதென்றால் ‘முறையான சட்ட நெறி’ வேண்டும் என்றுதான் முதல் வரைவு இருந்தது. அரசமைப்பு ஆலோசகர் பி.என். ராவ் அமெரிக்கா சென்று, உச்ச நீதிமன்ற நீதிபதி ஃபிராங்ஃபர்ட்டரைச் சந்தித்துத் திரும்பிய பிறகு, ‘சட்டம் வகுத்த நடைமுறை’ என்று அது சுருங்கியது. சட்டமன்றம் எந்த நடைமுறையை வகுத்தாலும் நீதிமன்றம் தலையிட முடியாது என்பது அதன் பொருளாகிவிடுமே என்று சபைக்குள் குரல் எழுந்தது. அந்த இழப்பை ஓரளவாவது ஈடுகட்ட 1949 செப்டம்பரில் அம்பேத்கர் ஒரு புதிய கூறைக் கொண்டுவந்தார். இன்றைய 22-வது கூறின் தோற்றம் அதுதான். தடுப்புக்காவலை ஒழிக்க அவரால் முடியவில்லை. அதைச் சுற்றி ஒரு வேலி போட்டார். மூன்று மாதங்களுக்கு மேல் அடைக்க ஓர் ஆலோசனைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். கைதானவரிடம் காரணத்தைக் கூடிய விரைவில் சொல்ல வேண்டும். முறையிட அவருக்கு வாய்ப்புத் தர வேண்டும். இந்தக் கடைசி இரண்டும்தான் 22-வது கூறின் ஐந்தாம் உட்பிரிவு. புக்லெட்டின் வேர் அங்கே இருக்கிறது.

அரசமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்து ஒரு மாதம்கூட முழுதாக நகரவில்லை. 1950 பிப்ரவரியிலேயே தடுப்புக்காவல் சட்டம் வந்துவிட்டது. அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் சென்ற முதல் பெரிய வழக்கு சென்னை மாகாணத்திலிருந்து போனது. கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் 1947 டிசம்பரிலிருந்தே உள்ளே இருந்தார். சாதாரணக் குற்ற வழக்குகளில் கிடைத்த தண்டனைகளை மேல்முறையீட்டில் நீக்கிவிட்டார்கள். ஆனாலும் கதவு திறக்கவில்லை. 1950 மார்ச் 1 அன்று, புதிய சட்டத்தின் கீழ் புதிய ஆணை ஒன்றைச் சிறைக்குள்ளேயே அவரிடம் நீட்டினார்கள்.

கோபாலன் வழக்கைச் சட்டக் கல்லூரிகளில் ஒரு தோல்வியாகத்தான் சொல்லித்தருகிறார்கள். 21-வது கூறில் உள்ள ‘சட்டம்’ என்பது சட்டமன்றம் இயற்றிய எந்தச் சட்டமும்தான், அது நியாயமா என்று நீதிமன்றம் கேட்க முடியாது என்று பெரும்பான்மை நீதிபதிகள் சொன்னார்கள். ஃபசல் அலி மட்டும் மாறுபட்டு நின்றார். அவர் நின்ற இடத்துக்கு நாடு வந்து சேர, மேனகா காந்தி வழக்கு வரை, 1978 வரை ஆனது. ஆனால் அந்தத் தோல்விக்குள் ஒரு சிறு வெற்றி இருந்தது. அதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. அந்தத் தடுப்புக்காவல் சட்டத்தின் 14-வது பிரிவு, காவலுக்கான காரணங்களைக் கைதானவர் நீதிமன்றத்திடம்கூட வெளியிடக் கூடாது, வெளியிட்டால் குற்றம் என்றது. உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவை மட்டும் அடித்து நீக்கியது. காரணமே தெரியாமல் காவல் செல்லுமா செல்லாதா என்று நாங்கள் எப்படிச் சொல்வது என்பதுதான் கேள்வி. எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்த நீதிமன்றம், தாளைப் பார்க்கும் உரிமையை மட்டும் விடவில்லை.

26 ஆண்டுகள் கழித்து அதையும் விட்டது.

1975 ஜூன் 25 இரவு நெருக்கடி நிலை பிரகடனமானது. இரண்டு நாள் கழித்து வந்த குடியரசுத் தலைவர் ஆணை, 14, 21, 22 ஆகிய கூறுகளை நிலைநாட்ட நீதிமன்றம் செல்லும் உரிமையை நிறுத்திவைத்தது. ‘மிசா’ என்ற தடுப்புக்காவல் சட்டத்தில் 16-ஏ என்று ஒரு பிரிவு புதிதாக நுழைந்தது. காவலுக்கான காரணங்களைக் கைதானவரிடம் சொல்லத் தேவையில்லை. அவை அரசின் இரகசியம். யாருக்கும் வெளியிடக் கூடாது. 1950-இல் செத்துப்போன 14-வது பிரிவு வேறு எண்ணோடு எழுந்து வந்துவிட்டது. பின்னாளில் நெருக்கடி நிலையை விசாரித்த ஷா ஆணையம் கணக்கெடுத்தபோது, மிசாவில் மட்டும் 34,988 பேர் அடைபட்டிருந்தது தெரிந்தது.

அப்படியிருந்தும் பல உயர் நீதிமன்றங்கள் ஆட்கொணர்வு மனுக்களை ஏற்றன. ஆணையைப் பிறப்பித்தவர் அதிகாரம் பெற்றவர்தானா, பெயர் மாறி வேறு ஆளைப் பிடித்துவிட்டார்களா, பகையால் செய்ததா என்பதையாவது பார்ப்போம் என்றன. அரசு உச்ச நீதிமன்றத்துக்கு ஓடியது. ஜபல்பூர் கூடுதல் மாவட்ட நடுவர் வழக்கு என்று பெயர் பெற்ற அந்த வழக்கில், நீதிபதி எச்.ஆர். கன்னா அரசுத் தலைமை வழக்கறிஞர் நிரேன் டேயிடம் ஒரு கேள்வி கேட்டார். ஒரு போலீஸ் அதிகாரி சொந்தப் பகையில் ஒருவரைக் கொன்றால்கூட நீதிமன்றத்தில் பரிகாரம் கிடையாதா? உங்கள் வாதம் அங்கே கொண்டுபோய் விடுகிறதே என்று அவர் கேட்க, நெருக்கடி நிலை நீடிக்கும்வரை கிடையாது என்ற பொருளில் நிரேன் டே ஒப்புக்கொண்டார்.

1976 ஏப்ரல் 28 அன்று தீர்ப்பு வந்தது. ரே, பெக், சந்திரசூட், பகவதி ஆகிய நால்வரும் அரசின் பக்கம். 16-ஏ பிரிவும் செல்லும் என்றார்கள். கன்னா தனியாக மாறுபட்டார். அதற்கு விலையாக, அடுத்த ஜனவரியில் தலைமை நீதிபதி பதவி அவரைத் தாண்டி பெக்குக்குப் போனது. கன்னா பதவி விலகினார். இந்தக் கதை பலருக்கும் தெரிந்ததுதான். தமிழ் வாசகர்கள் கவனிக்க வேண்டிய இடம் வேறொன்று. தடுப்புக்காவலில் இருப்பவர்களுக்கு நல்ல இருப்பிடமும் நல்ல உணவும் கிடைக்கின்றன, அரசு அவர்களை ஏறக்குறைய ஒரு தாயைப் போலப் பார்த்துக்கொள்கிறது என்ற பொருள்பட நீதிபதி பெக் எழுதினார். அவர் அதை எழுதியபோது சென்னை மத்தியச் சிறையில் நடந்து முடிந்திருந்தது என்ன?

1976 ஜனவரி 31 அன்று தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டது. அதைத் தொடர்ந்து மிசாவில் பிடிபட்டவர்களைச் சென்னை மத்தியச் சிறையில் அடைத்தார்கள். பிப்ரவரித் தொடக்கத்தில் அவர்களை அங்கே கடுமையாக அடித்தார்கள். மு.க. ஸ்டாலின் மீது விழுந்த அடிகளைத் தடுக்கப் போன சிட்டிபாபு, மேயராகவும் மக்களவை உறுப்பினராகவும் இருந்தவர், அடுத்த ஆண்டு ஜனவரியில் இறந்தார். நெருக்கடி நிலை முடிந்தபின் நீதிபதி மு.மு. இஸ்மாயில் தலைமையிலான ஆணையம் அந்தச் சிறையில் நடந்ததை விசாரித்துப் பதிவு செய்தது. கம்பராமாயணத்தில் தோய்ந்த அந்த இஸ்மாயில்தான். அவருடைய ஆணையம் பின்னால் கண்டறிந்ததை, அன்றைக்கே ஏதாவது ஒரு நீதிமன்றம் கண்டிருக்க முடியும். ஆளைக் கொண்டுவந்து நிறுத்து என்று ஒரே ஒரு உத்தரவு போட்டிருந்தால். உடம்பில் காயம் இருக்கிறதா என்று கண்ணால் பார்க்க 21-வது கூறுக்கு உரை எழுதத் தேவையில்லை. ஆட்கொணர்வு மனு என்ற பெயரே அதைத்தானே சொல்கிறது.

அப்படி ஆளைக் கேட்ட ஒரு தகப்பனின் வழக்கு பக்கத்து மாநிலத்தில் நடந்தது. அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும்.

கோழிக்கோட்டில் இந்திப் பேராசிரியராக இருந்தவர் டி.வி. ஈச்சர வாரியர். அவர் மகன் ராஜன் அதே நகரத்தின் மண்டலப் பொறியியல் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தான். 1976 மார்ச் 1 காலையில் போலீஸ் அவனைக் கல்லூரி விடுதியிலிருந்து பிடித்துப் போனது. நக்சலைட்டுகளைத் தேடுவதற்காகக் கக்கயத்தில் போலீஸ் ஒரு முகாம் போட்டிருந்தது. அங்கே பிடித்துவந்தவர்களை பெஞ்சில் கிடத்தி, தொடைமேல் உலக்கையை உருட்டிச் சித்திரவதை செய்தார்கள். ‘உருட்டல்’ என்று அதற்குப் பெயர் இருந்தது. தகப்பனுக்கு எதுவும் தெரியவில்லை. அமைச்சர்களைப் பார்த்தார், அதிகாரிகளைப் பார்த்தார், மனு எழுதினார். ஓராண்டுக் காலம் அலைந்தார். நீதிமன்றம் போக முடியாது. போனால் ஜபல்பூர் தீர்ப்பு வாசலிலேயே நிற்கும்.

1977 மார்ச் 21 அன்று நெருக்கடி நிலை நீங்கியது. 25-ஆம் தேதி வாரியர் கேரள உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு தாக்கல் செய்தார். நாலே நாள். நெருக்கடிக் காலத்தில் கேரள உள்துறை அமைச்சராக இருந்த கே. கருணாகரன் அதே 25-ஆம் தேதிதான் முதலமைச்சரானார். ராஜனைப் போலீஸ் கைது செய்யவே இல்லை என்று அரசுத் தரப்பு பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தது.

நீதிபதிகள் சுப்பிரமணியன் போற்றியும் காலிதும் அந்தப் பத்திரத்தைப் படித்துவிட்டு மனுவை முடித்துவைத்திருக்கலாம். அரசு மறுத்தால், ஆள் எங்கள் காவலில் இல்லை என்று சொன்னால், ஆட்கொணர்வு மனுக்கள் பெரும்பாலும் அங்கேயே முடிந்துபோகும். அவர்கள் முடிக்கவில்லை. சாட்சிகளை அழைத்தார்கள். கல்லூரியில் இருந்து ராஜனைக் கொண்டுபோனதைப் பார்த்தவர்கள் வந்து சொன்னார்கள். முகாமில் அவனைப் பார்த்தவர்களும் வந்து சொன்னார்கள். ஏப்ரல் 13 அன்று, ராஜன் போலீஸ் காவலில் இருந்தான் என்று நீதிமன்றம் முடிவுக்கு வந்தது. ஏப்ரல் 21-க்குள் அவனைக் கொண்டுவந்து நிறுத்த உத்தரவிட்டது. கொண்டுவர ஆள் இல்லை. ஏப்ரல் 25 அன்று, பதவியேற்று ஒரு மாதம் ஆன நாளில், கருணாகரன் முதலமைச்சர் பதவியிலிருந்து விலகினார். ராஜன் பிடிபட்ட மறுநாளே, மார்ச் 2 அன்று, காவலில் இறந்துவிட்டதைப் பின்னர் அரசே ஒப்புக்கொண்டது. பொய்யான பிரமாணப் பத்திரத்துக்காக நடவடிக்கை எடுக்கவும் உயர் நீதிமன்றம் முனைந்தது. மகனின் உடல் தகப்பனுக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை.

இந்திய நீதிமன்ற வரலாற்றில் ஓர் ஆட்கொணர்வு மனு அரசின் பொய்யைத் தாளிலிருந்து உரித்தெடுத்து, அதற்கு ஒரு முதலமைச்சரின் பதவியையே விலையாகக் கொடுக்கவைத்த சில வாரங்கள் அவை. அதில் சட்டத்தின் பெரிய கோட்பாடு எதுவும் இல்லை. அரசு சொன்னதை நம்பிவிடாமல், நீ சொல்வது உண்மைதானா என்று நீதிபதிகள் சோதித்துப் பார்த்தார்கள். அவ்வளவுதான்.

ஜபல்பூர் தீர்ப்பைத் திருத்தும் வேலையை நாடாளுமன்றம் செய்தது. 44-வது அரசமைப்புத் திருத்தம் 1978-இல் நிறைவேறி, 1979 ஏப்ரல் 30 அன்று ஒப்புதல் பெற்றது. எந்த நெருக்கடி நிலையிலும் 20, 21-வது கூறுகளை முடக்க முடியாது என்று அது எழுதிவைத்தது. உச்ச நீதிமன்றம் தன் கையாலேயே அந்தத் தீர்ப்பை நீக்க 2017 ஆகஸ்ட் 24 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தனிமனித அந்தரங்க உரிமை பற்றிய புட்டசாமி வழக்கில், 1976-இல் அரசின் பக்கம் நின்ற ஒய்.வி. சந்திரசூட்டின் மகன் டி.ஒய். சந்திரசூட்டே, அது அடியோடு தவறு என்று எழுதினார். பத்திரிகைகள் கொண்டாடின.

ஆனால் அதே 44-வது திருத்தத்தில் யாரும் கொண்டாடாத, யாரும் கேட்காத ஒரு மூன்றாம் பிரிவு இருக்கிறது. ஆலோசனைக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் அடைத்துவைக்கும் காலத்தை மூன்று மாதத்திலிருந்து இரண்டு மாதமாக அது குறைக்கிறது. குழுவின் தலைவர் பதவியில் இருக்கும் உயர் நீதிமன்ற நீதிபதியாக இருக்க வேண்டும், உறுப்பினர்கள் பதவியில் உள்ளவர்களாகவோ ஓய்வு பெற்றவர்களாகவோ நீதிபதிகளே இருக்க வேண்டும், குழுவை அமைப்பது தலைமை நீதிபதியின் பரிந்துரைப்படி நடக்க வேண்டும் என்கிறது. திருத்தத்தின் எந்தப் பிரிவு எந்த நாளில் நடைமுறைக்கு வரும் என்று அறிவிக்கும் பொறுப்பை மட்டும் அந்தச் சட்டம் மத்திய அரசிடம் விட்டது. மற்றப் பிரிவுகளுக்கு அறிவிக்கை வந்தது. இந்த மூன்றாம் பிரிவுக்கு இன்றுவரை வரவில்லை.

இந்த இடத்தில் நின்று யோசிக்க வேண்டும். நாட்டின் அரசமைப்புச் சட்டத்தைத் திருத்த நாடாளுமன்றத்துக்கு மூன்றில் இரண்டு பங்கு வாக்குகள் வேண்டும். அப்படித் திருத்திய பின், ஒரு பக்க அரசிதழ் அறிவிக்கையை வெளியிடாமல் இருப்பதன் மூலம் நிர்வாகம் அந்தத் திருத்தத்தைப் பிறக்கவிடாமலே வைத்திருக்க முடிகிறது. ஜனதா போனது, காங்கிரஸ் வந்தது, தேசிய முன்னணி, ஐக்கிய முன்னணி, பா.ஜ.க., மீண்டும் காங்கிரஸ், மீண்டும் பா.ஜ.க. எந்த அரசும் அந்தப் பக்கத்தை அச்சிடவில்லை. ஏ.கே. ராய் வழக்கில் இதை உச்ச நீதிமன்றத்தின் முன் வைத்தார்கள். 1981 டிசம்பர் இறுதியில் வந்த தீர்ப்பில், அறிவிக்கை வெளியிடும்படி அரசுக்கு ஆணையிட முடியாது என்றது பெரும்பான்மை. இரு நீதிபதிகள் உடன்படவில்லை. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் அப்போது தலைமை நீதிபதியாக இருந்த ஒய்.வி. சந்திரசூட்.

சிறையில் அடிபட்டவர்கள் ஆட்சிக்கு வந்தால் சிறை மாறும் என்ற நம்பிக்கைக்கு இதைவிடப் பெரிய அடி எனக்குத் தெரியவில்லை.

தமிழ்நாட்டில் 1982-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் வந்ததுதான் நாம் குண்டர் சட்டம் என்று அழைக்கும் 14-வது சட்டம். அதன் முழுப் பெயரை ஒரே மூச்சில் சொல்ல முடியாது. ஒவ்வோர் ஆட்சியும் அந்தப் பெயரில் ஒரு சொல்லைச் சேர்த்துக்கொண்டே போனது. கள்ளச்சாராயம், போதைப்பொருள், குண்டர், விபசாரத் தொழில், குடிசைப் பகுதி நில அபகரிப்பு என்று தொடங்கிய பட்டியலில் வனக் குற்றம் ஏறியது. 2004-இல் திருட்டு வீடியோ, பிறகு மணல் கடத்தல், 2014-இல் இணையக் குற்றமும் பாலியல் குற்றமும். ஒவ்வொன்றும் தனித்தனியே பார்த்தால் தடுக்க வேண்டிய குற்றம்தான். அதற்கெல்லாம் தண்டனைச் சட்டங்களும் இருக்கின்றன. வழக்கு நடத்திக் குற்றத்தை நிரூபிக்கும் வழி நீளமானது. ஆட்சியரின் கையெழுத்து குறுக்கு வழி. எந்தக் கட்சியின் அரசும் இந்தக் குறுக்கு வழியைக் கைவிடவில்லை, மிசாவில் அடிபட்ட கட்சி உட்பட. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் சிறைப் புள்ளிவிவரங்களைப் புரட்டினால், தடுப்புக்காவல் கைதிகளின் எண்ணிக்கையில் தமிழ்நாடு முன்வரிசையில் இருப்பது தெரியும்.

நடைமுறை இப்படிப் போகும். ஒரு காவல் ஆய்வாளர் ஒருவரை ஏதோ ஒரு வழக்கில் கைது செய்து ரிமாண்டுக்கு அனுப்புவார். அந்த வழக்குக்கு ‘கிரவுண்ட் கேஸ்’ என்று பெயர். அவர்மேல் முன்பே இருக்கும் வழக்குகள் ‘அட்வர்ஸ் கேஸ்’. எல்லாவற்றையும் கட்டி ஆட்சியருக்கோ ஆணையருக்கோ அனுப்புவார். ஆணை வரும். ஐந்து நாளுக்குள் காரணங்களைக் கைதானவரிடம் கொடுக்க வேண்டும். 12 நாளுக்குள் மாநில அரசு ஒப்புதல் தர வேண்டும். மூன்று வாரத்தில் ஆலோசனைக் குழுவுக்கு, இங்கே அதன் பெயர் அறிவுரைக் கழகம், போக வேண்டும். கழகத்தின் முன் வக்கீல் வைத்துக்கொள்ளும் உரிமை கைதிக்குக் கிடையாது. ஏழு வாரத்தில் கழகம் கருத்துச் சொல்ல வேண்டும். பிறகு மொத்தம் 12 மாதம்.

ஆணைகளை வரிசையாக வைத்துப் படித்தால் ஒரே கை எழுதியது போல இருக்கும். சம்பவம் நடந்தபோது பொதுமக்கள் அலறியடித்து ஓடுவார்கள்; கடைக்காரர்கள் கடையை மூடுவார்கள்; போக்குவரத்து நின்றுபோகும். ஊர் மாறும், கத்தி அரிவாளாக மாறும், இந்த மூன்று மட்டும் மாறாது. இதற்கு ஒரு சட்டக் காரணம் இருக்கிறது. 1965-இல் ராம் மனோகர் லோகியா வழக்கில் நீதிபதி இதாயத்துல்லா மூன்று வட்டங்களை வரைந்து காட்டினார். பெரிய வட்டம் சட்டம் ஒழுங்கு. அதற்குள் பொது ஒழுங்கு. அதற்கும் உள்ளே நாட்டின் பாதுகாப்பு. இரண்டு குடிகாரர்கள் அடித்துக்கொண்டால் அது பெரிய வட்டத்தில் மட்டும்தான் படும். இரு சமூகங்களுக்குள் பகை மூளும் நிலை வந்தால் அது உள்வட்டத்துக்குள் வரும். தடுப்புக்காவலுக்கு உள்வட்டம் வேண்டும். அதனால்தான் ஒரு செல்போன் பறிப்பைக்கூட உள்வட்டத்துக்குள் தள்ளிக் கடைகளை மூடவைக்கிறார்கள்.

2011-இல் தமிழ்நாட்டிலிருந்து சென்ற ரேகா வழக்கில், காலாவதியான மருந்துகளுக்குப் புதுச் சீட்டு ஒட்டி விற்றதாக ஒருவரைத் தடுப்புக்காவலில் வைத்திருந்தார்கள். அப்படி விற்பது கொடியதுதான். ஆனாலும் சாதாரணச் சட்டம் போதுமான இடத்தில் தடுப்புக்காவலை எடுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் திட்டவட்டமாகச் சொன்னது. ஜாமீன் மனுவே நிலுவையில் இல்லாதபோது, ஜாமீனில் வந்துவிடுவார் என்று அதிகாரி எப்படி நினைத்தார் என்று கேட்டது. அதன்பிறகு அதிகாரிகள் என்ன செய்தார்கள்? ஆணையில் ஒரு பத்தி கூடியது: இதே போன்ற வழக்கில் இன்னாருக்கு ஜாமீன் கிடைத்திருக்கிறது, ஆகவே இவருக்கும் கிடைக்கக்கூடும். இப்போது வக்கீல்கள், அந்த இன்னாரின் வழக்கு இதே போன்றதல்ல என்று காட்டி ஆணையை உடைக்கிறார்கள்.

இங்கேதான் என் மனக்குறை. நீதிமன்றம் ஒரு பிழையைச் சுட்டிக்காட்டினால், தாளில் அந்தப் பிழை திருந்துகிறது. முடிவெடுக்கும் விதம் திருந்துவதில்லை. ஏனென்றால் ஆணை ரத்தாவதால் அதைப் பிறப்பித்தவருக்கு எதுவும் நேர்வதில்லை. ஆணை ரத்தாகும்போது உள்ளே இருந்தவர் பல மாதங்களைக் கழித்திருப்பார். போலீஸுக்கு வேண்டியதும் அந்த மாதங்கள்தான். 2017 மே மாதம் மெரினாவில் முள்ளிவாய்க்கால் நினைவேந்தல் நடத்தப்போன திருமுருகன் காந்தியைக் குண்டர் சட்டத்தில் அடைத்தார்கள். செப்டம்பரில் உயர் நீதிமன்றம் ஆணையை ரத்து செய்தது. நீதிமன்றத்தில் அரசு தோற்றது. இடைப்பட்ட மாதங்களில் அவர் மேடையில் இல்லை. இதில் யார் வென்றார்கள் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

பொறுப்பேற்க வைக்கும் கருவி நீதிமன்றத்திடம் இல்லாமல் இல்லை. 1968-இல் விடுதலைத் தீர்ப்பு பெற்ற பிறகும் 14 ஆண்டுகள் பீகார்ச் சிறையில் கிடந்த ருதுல் ஷாவின் ஆட்கொணர்வு மனுவில், 1983-இல் உச்ச நீதிமன்றம் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. மொத்தம் 35,000 ரூபாய். மணிப்பூரில் இராணுவ முகாமுக்குப் போய்த் திரும்பாத இருவருக்காக 1984-இல், அவர்களுடைய மனைவியருக்குத் தலா ஒரு லட்சம். சட்டமன்றக் கூட்டத்துக்குப் போகவிடாமல் ஜம்மு காஷ்மீரில் பிடித்துவைக்கப்பட்ட உறுப்பினர் பீம் சிங்குக்கு 1985-இல் 50,000. தொகை பெரிதோ சிறிதோ, அரசின் தவறுக்கு ஒரு விலைச்சீட்டு ஒட்டும் வழி அப்போதே கிடைத்தது. குண்டர் சட்ட ஆணைகள் ரத்தாகும்போது அந்த வழியை எடுப்பது மிக அரிதாக இருக்கிறது. கறுத்த பக்கத்துக்காக விடுதலை கிடைக்கும். கறுத்த பக்கத்தைக் கொடுத்தவரிடம் கேள்வி போகாது.

எந்த மாவட்டத்தில் ஓராண்டில் எத்தனை ஆணைகள் பிறந்தன, அவற்றில் எத்தனை நீதிமன்றத்தில் நிற்கவில்லை, நிற்காமல் போகும்வரை எத்தனை நாள் மனிதர்கள் உள்ளே இருந்தார்கள் என்று அரசு ஆண்டுதோறும் சட்டமன்றத்தில் வைத்தாலே போதும். பாதி ஆணைகள் ஆய்வாளரின் மேசையிலேயே நின்றுவிடும் என்று நம்புகிறேன். ஆட்கொணர்வு மனுவை உயர் நீதிமன்றம் இத்தனை வாரத்துக்குள் முடிக்க வேண்டும் என்று தனக்குத்தானே ஒரு வரம்பு போட்டுக்கொள்ள எந்தத் திருத்தமும் தேவையில்லை. கேரளத்தில் ராஜன் வழக்கு மனுவிலிருந்து தீர்ப்புவரை 19 நாளில் முடிந்தது; அதுவும் சாட்சிகளை விசாரித்து. 44-வது திருத்தத்தின் மூன்றாம் பிரிவுக்கு தில்லியில் யாராவது ஒரு கையெழுத்துப் போட வேண்டும்.

அமர்வில் வழக்கை அழைக்கிறார்கள். புக்லெட்டின் பக்க எண்ணை வக்கீல் சொல்ல, நீதிபதிகள் புரட்டிப் பார்க்கிறார்கள். அரசு வக்கீலுக்கும் அந்தப் பக்கத்தைப் படிக்க முடியவில்லை. ஆணை ரத்து. வேறு வழக்கில் தேவைப்படாவிட்டால் உடனே விடுவிக்க வேண்டும் என்று வழக்கமான ஒரு வரி. வெளியே அந்த அம்மாவிடம் சொல்கிறார்கள். உத்தரவு நகல் புழல் சிறைக்குப் போய்ச் சேர வேண்டும் என்கிறார்கள். கிரவுண்ட் கேஸ் என்ன ஆச்சு என்று அவர் கேட்கிறார். எந்த வழக்கைக் காட்டி மகனை இத்தனை மாதம் அடைத்தார்களோ அந்த வழக்கில் விசாரணை இன்னும் தொடங்கவில்லை.